கூரைக்குள்ளே பறக்கும் அணில்: அடைக்கும் முன் பார்க்க வேணும்

விடியற்காலையில் அடுப்பு மூட்டுற நேரத்தில் தகரத்துக்கு மேலே 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு சீலிங்குக்குள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிப்போகும். பாட்டிமார் "முனி போகுது, பேசாம இரு" என்பார்கள். பொடியன்மார் "கள்ளன்" என்பார்கள். வீட்டுக்காரர் "எலிதான், நாளைக்கு மருந்து வைப்போம்" என்று சொல்லிவிட்டு பெரட்டுக்குப் போய்விடுவார்.

இந்த மூன்று பேர் சொன்னதும் சரியாக இல்லாமல் இருக்கலாம். அது பறக்கும் அணிலாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியாமலே மருந்து வைப்பதாலும், ஓட்டையை அடைப்பதாலும் வருகிற தொல்லை கொஞ்சமில்லை. ஆகவே இந்த மாதப் பாடத்தில் கூரைக்குள் குடியேறுகிற மிருகத்தை எப்படி அடையாளம் காண்பது, நமக்கும் அதற்கும் சேதமில்லாமல் எப்படி வெளியே அனுப்புவது என்று பார்ப்போம்.

பறக்கும் அணில் என்றால் என்ன?

சிலர் இதைப் பறவை அணில் என்கிறார்கள். சிங்களத்தில் ஹம்பாவா என்பார்கள். நம் நாட்டில் இரண்டு வகை இருக்கிறது. பெரியது, தலையும் உடம்பும் சேர்ந்து ஒண்ணேகால் அடிக்கு மேலே வரும். வால் அதைவிட நீளம். எடை ஒன்றரை கிலோ முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். சிறியது இதைவிட நன்றாகச் சின்னது. அந்தச் சிறிய வகை உலகத்திலேயே தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது.

பெயரில்தான் பறக்கிறது, உண்மையில் அதற்குச் சிறகு கிடையாது. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் ஒரு தோல் இருக்கிறது. உயரமான மரத்திலிருந்து தாவி, நான்கு காலையும் விரித்தால் அந்தத் தோல் குடை மாதிரி விரியும். வாலைத் திருப்பித் திசை பார்த்துக்கொண்டு கீழ்நோக்கி மிதந்து போய் அடுத்த மரத்தில் இறங்கும். கீழேயிருந்து மேலே பறக்க அதனால் முடியாது. மறுபடியும் ஏறித்தான் தாவ வேணும்.

பகல் முழுக்க மரப்பொந்தில் தூங்கும். இருட்டினதும் வெளியே வந்து இலை, பூ, மொட்டு, பழம், மரப்பட்டை என்று தின்னும். வருஷத்துக்கு நிறையக் குட்டி போடுகிற மிருகமில்லை. ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான், சில வேளை இரண்டு. எலி மாதிரி பெருகி வீடு நிறைந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் லயத்துக்கு ஏன் வருகிறது? பொந்து விழுந்த கிழட்டு மரங்களை விறகுக்கும் பலகைக்கும் வெட்டிவிடுகிறோம். பொந்து இல்லாத இடத்தில் அது காய்ந்த, இருட்டான, மழை படாத ஒரு மூலையைத் தேடும். நம்முடைய தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள இடம் அதற்குப் பெரிய பொந்து மாதிரித்தான்.

மேலே இருப்பது யார்?

தோட்டத்தில் கூரைச் சத்தம் என்றால் அதிகமாக எலியும் மரநாயும்தான். பறக்கும் அணில் அதற்கு அடுத்ததுதான். மூன்றையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

எலி: ராத்திரி முழுக்க அங்குமிங்கும் ஓடும். கீச்சுச் சத்தம், கொறிக்கிற சத்தம் கேட்கும். புழுக்கை கறுப்பாக, நீட்டமாக, இரண்டு முனையும் ஒடுங்கி, எல்லா இடத்திலும் சிதறிக் கிடக்கும்.

மரநாய்: பூனை நடக்கிற மாதிரி பாரமான நடை. சீலிங் மட்டையில் மூத்திரக் கறை படியும், நாற்றம் தாங்காது. எச்சம் விரல் தடிப்பில் இருக்கும். அதில் கோப்பிக் கொட்டை, கித்துள் கொட்டை, பழ விதை என்று கிடக்கும்.

பறக்கும் அணில்: இருட்டும் நேரத்தில் ஒரு தரம் வெளியே போகும் சத்தம், விடியப்புறம் திரும்பி வரும் சத்தம். நடுவில் பெரும்பாலும் அமைதி. புழுக்கை சின்னச் சின்ன உருண்டையாக, இலை நாராக இருக்கும். கூட்டில் காய்ந்த இலை, மரநார், பாசி கிடக்கும்.

சந்தேகமாக இருந்தால் இரண்டு சுலபமான வழி உண்டு. ஓட்டைக்கு முன்னால் அடுப்புச் சாம்பலை மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் கால் தடம் தெரியும். மற்றது, மாலை 6 மணி முதல் 7.15 வரை முன்பக்கம் இரண்டு பேர், பின்பக்கம் இரண்டு பேர் சத்தம் போடாமல் உட்கார்ந்து பாருங்கள். பாட்டா ஒருவரும் பேரப்பிள்ளை ஒருவரும் போதும். டோர்ச்சை அடிக்கடி அடிக்க வேண்டாம். மூன்று மாலை இப்படிப் பார்த்தால் எந்த ஓட்டையால் போகிறது, எத்தனை போகிறது என்று தெரிந்துவிடும்.

நமக்கு என்ன ஆபத்து?

முதலாவது மின்சாரம். எலியும் அணிலும் கொறிக்கிற இனம். அவற்றின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத்தான் தேய்க்க வேணும். வயரின் மேலுறை கொறிபட்டால் கம்பி வெளியே தெரியும். பக்கத்தில் காய்ந்த இலைக் கூடும், உரச்சாக்குச் சீலிங்கும், மட்டையும் இருக்கின்றன. மலையகத்தில் லயங்கள் தீப்பற்றி, ஒரே ராத்திரியில் பல குடும்பங்கள் உடுத்த துணியோடு நின்ற செய்திகளை நாம் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! மின்கசிவு அதற்கு ஒரு காரணமாக அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆகவே பல்ப் மினுக்கினால், கருகிற மணம் வந்தால், ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுந்தால் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு மின்சாரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வயரில் டேப் சுற்றி நீங்களே சரிக்கட்ட வேண்டாம். தீப்பிடித்தால் மெயினை அணைக்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இரண்டாவது சுகம். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்தால் பரவுகிறது. கையில் காலில் புண் இருந்தால் அந்த வழியாக உள்ளே போகும். மிருகங்களின் உடம்பில் தெள்ளு, உண்ணியும் இருக்கும். கூரையைத் துப்புரவாக்கும்போது புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். தூசி மூக்கில் ஏறும். முதலில் சவர்க்காரத் தண்ணியோ குளோரின் கலந்த தண்ணியோ தெளித்து நனையவிட்டு, கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு அள்ளுங்கள். அதற்கும் முன் மெயின் அணைந்திருக்க வேணும்.

மூன்றாவது கடி. எந்தக் காட்டு மிருகம் கடித்தாலும் கீறினாலும் ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோய் நாயால் மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். மரநாய், கீரிக்கும் அது வரலாம். மஞ்சள் அப்பி, சுண்ணாம்பு தடவி நாளைக் கடத்தக் கூடாது.

செய்யக் கூடாதவை

மருந்து வைக்காதீர்கள். கடையில் கிடைக்கிற எலி மருந்துகளில் பல, தின்ற உடனே கொல்லாது. சில நாள் கழித்துத்தான் சாகும். அது எங்கே போய்ச் சாகும்? சீலிங்கின் எட்டாத மூலையில்தான். பிறகு ஒரு கிழமைக்கு நாற்றமும் புழுவும். ஒரு லயத்தில் இப்படி நடந்து, தொட்டிலில் பிள்ளை தூங்குகிற இடத்துக்கு நேர் மேலேயிருந்து புழு விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதோடு மருந்துத் துண்டு மட்டைக்குள்ளால் கீழே விழுந்தால் தவழ்கிற பிள்ளை எடுத்து வாயில் வைக்கும். அப்படி ஏதும் நடந்தால் பக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். 1990 அம்புலன்சைக் கூப்பிடலாம்.

புகை போடாதீர்கள். மிளகாய்ப் புகை, டயர் புகை என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். காய்ந்த கூட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு கொண்டுபோவது லயத்தையே கொளுத்துவதற்குச் சமம். குப்பி விளக்கும் அப்படித்தான்.

பூச்சி உருண்டை போடாதீர்கள். அதன் வாடை மிருகத்தைவிட கீழே படுக்கிற பிள்ளைகளைத்தான் அதிகம் பாதிக்கும். இனிப்பு என்று பிள்ளைகள் விழுங்கிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது.

சுருக்குக் கம்பி கட்டாதீர்கள். சுருக்கு ஆள் பார்த்துப் பிடிக்காது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டின கருஞ்சிறுத்தையை மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். கம்பிக்குக் கரண்ட் கொடுப்பது அதைவிட மோசம். அதில் முதலில் மாட்டுவது நம்முடைய பிள்ளையாக இருக்கலாம்.

பிடிக்கவும் வேண்டாம், கறிக்கு அடிக்கவும் வேண்டாம். காட்டு மிருகங்களைப் பிடிப்பதற்கும் கொல்வதற்கும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. காயம்பட்ட மிருகமோ, தாயில்லாத குட்டியோ கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே குட்டி இருக்கும்போது ஓட்டையை அடைக்காதீர்கள். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் குட்டி உள்ளே பசியில் சாகும். தாய் குட்டியை விட்டுப் போகாது. தகரத்தைப் பிய்க்கும், மட்டையைக் கிழிக்கும், வேறு வழி தேடி வயர் இருக்கிற பக்கமெல்லாம் கொறிக்கும். இரக்கத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம்முடைய கூரைக்காகவும்தான் சொல்கிறேன்.

ஒரு காம்பரா வேலையல்ல, லயத்து வேலை

தனி வீட்டில் இருப்பவர்களுக்கு, 7 பேர்ச் காணியில் கட்டின புது வீடுகளில் இருப்பவர்களுக்கு, வேலை சுலபம். வீட்டைச் சுற்றிக் கூரை ஓரத்தைப் பார்த்தால் போதும். லயத்தில் அப்படியில்லை. பல பழைய லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் தகரம் வரைக்கும் போகாது. மேலே ஒரே பாதைதான். முதலாம் காம்பராவில் நுழைகிற மிருகம் பத்தாம் காம்பராவில் கூடு கட்டும்.

இதனால்தான் சண்டையும் வருகிறது.

"அக்கா, நீங்க ஒங்க பக்கத்த அடச்சதாலதான் அது எங்க மேல வந்துருச்சு!"

"அதுக்கு நான் என்னடி செய்ய? எங்க புள்ளைக்கு ஒறக்கமில்லையே!"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு பக்கம் அடைத்தால் மிருகம் லயத்தை விட்டுப் போகாது. காம்பரா மாறும், அவ்வளவுதான். யாரோ ஒருவர் அடைத்த ஓட்டைக்குப் பின்னால் இன்னொருவர் காம்பராவில் செத்தும் கிடக்கும். ஆகவே முழு லயமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேச வேணும். தலைவரையும் கூப்பிடுங்கள்.

வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. மூன்று மாலை பார்த்து, எந்தக் காம்பராப் பக்கம் எத்தனை ஓட்டை என்று ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். போகிற வழி எது என்று ஒரு கோடு போடுங்கள்.

2. குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பகலில் மெல்லிய கீச்சுக் குரல் கேட்டாலோ, வெளியே போன மிருகம் ராத்திரியிலேயே திரும்பத் திரும்ப உள்ளே வந்தாலோ குட்டி இருக்கலாம். ஏணி வைத்து, போன் கமராவை ஓட்டைக்குள்ளே கொஞ்சம் நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். கையை உள்ளே விடக் கூடாது.

3. குட்டி இருந்தால் பொறுங்கள். குட்டி தாயோடு வெளியே போக ஆரம்பிக்கும் வரை சில வாரம் விடுவதுதான் நல்லது. பொறுக்க முடியாத நிலை என்றால், பகலில் அந்த இடத்துக்குக் கீழே ரேடியோவைப் பாட விடுங்கள், சீலிங்கைத் தட்டுங்கள். தூக்கம் கெட்டால் தாயே குட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கக்கூடும்.

4. குட்டி இல்லையென்று நிச்சயமானால், போகிற வழியான பெரிய ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா ஓட்டையையும் ஒரே நாளில் அடையுங்கள். உரச்சாக்கு, மட்டை, பொலிதீன் வைத்து அடைத்தால் ஒரே ராத்திரியில் கொறித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையோ தகரமோ வைத்து ஆணியடித்து, சுவர் ஓரத்துக்குச் சிமெந்து பூசுங்கள்.

5. பெரிய ஓட்டைக்கு ஒரு தள்ளுகதவு போடுங்கள். ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் பெரிய தகரத் துண்டு ஒன்றை வெட்டி, கூர் ஓரங்களை மடித்துவிடுங்கள். அதன் மேல் ஓரத்தை மட்டும் கம்பியால் கட்டி ஓட்டைக்கு வெளிப்பக்கம் தொங்க விடுங்கள். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும். வெளியேயிருந்து வந்தால் சுவரோடு ஒட்டி மூடிக்கொள்ளும். மிருகம் தன்பாட்டில் வெளியே போகும், திரும்பி வர வழியிருக்காது. மரநாய்க்கும் இதே முறைதான்.

6. மூன்று ராத்திரி கழித்துக் கதவைக் கழற்றி, பத்திரிகைத் தாளைக் கசக்கி ஓட்டையில் இலேசாகச் செருகுங்கள். அடுத்த மூன்று ராத்திரியும் தாள் அப்படியே இருந்தால் உள்ளே யாரும் இல்லை. தாள் வெளியே விழுந்திருந்தால் இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது. கதவைத் திரும்பப் போடுங்கள். தாள் அசையாமல் இருந்த பிறகுதான் கடைசி ஓட்டையை வலையும் சிமெந்தும் வைத்து அடைக்க வேணும்.

7. கடைசியாகப் பழைய கூட்டை நனைத்து அள்ளி, வயரையெல்லாம் ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள்.

கூரையில் ஏறும்போது கவனம். பாசி பிடித்த தகரம் மழை நேரத்தில் சோப்புப் போல வழுக்கும். அஸ்பெஸ்டோஸ் தகடு ஆளின் பாரத்தைத் தாங்காது. மேலே மிதித்தால் உடைந்து உள்ளே விழ வேண்டியதுதான். அதை வெட்டவும் துளைக்கவும் கூடாது, அதன் தூள் நெஞ்சுக்குக் கெடுதி. முடிந்த வரை ஏணியில் நின்றே வேலை செய்யுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேணும். மே மாதம் தென்மேல் பருவமழை பிடிக்கும் முன்னே இந்த வேலையை முடித்தால் ஒழுக்குக்கும் சேர்த்து வழி பிறக்கும்.

தகரம் உக்கிப்போயிருந்தாலோ, வயர் கொறிபட்டிருந்தாலோ அதை உங்கள் கைக்காசில் பூசி மெழுக வேண்டாம். லய இலக்கம், காம்பரா இலக்கம், ஓட்டை எத்தனை, வயர் எங்கே பழுது, எந்தத் திகதி பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, எல்லாக் குடும்பமும் கையொப்பம் வைத்து, தோட்டத்து ஒபிசில் கொடுங்கள். பிரதி ஒன்றை நலன்புரி உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும். எழுதிக் கொடுத்தது பைலில் இருக்கும்.

மரத்தை என்ன செய்வது?

"அந்த மரத்தை வெட்டினா வராதே" என்று சிலர் கேட்பார்கள். லயத்தின் மேல் சாய்கிற கிளையை வெட்டுவது நல்லதுதான். எலிக்கும் மரநாய்க்கும் அது பாலம். பறக்கும் அணிலுக்கு அந்தப் பாலம் தேவையில்லை, தூரத்து மரத்திலிருந்தே மிதந்து வரும். அதற்காகச் சுற்றியுள்ள மரத்தையெல்லாம் வெட்டினால் பாதிக்கப்படுவது நாம்தான்; மண் சரியும், நிழல் போகும். லயத்துக்கு எட்ட நிற்கிற, ஆளுக்கு ஆபத்தில்லாத ஒரு பொந்து மரத்தை அப்படியே விட்டுவைத்தால் அது அங்கே குடியிருக்கும். நம்முடைய கூரையும் நமக்கு மிஞ்சும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

பிள்ளைகளை உட்கார வைத்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதில் எல்லாம் இந்தப் பாடத்திலேயே இருக்கிறது.

1. எலி, மரநாய், பறக்கும் அணில் மூன்றின் எச்சத்தையும் எப்படிப் பிரித்து அறிவது?
2. எலி மருந்தைக் கூரைக்குள் ஏன் வைக்கக் கூடாது?
3. குட்டி உள்ளே இருக்கும்போது ஓட்டையை அடைத்தால் தாய் என்ன செய்யும்?
4. கசக்கிய தாளை ஓட்டையில் செருகுவது எதற்கு?
5. நம்முடைய லயத்தில் காம்பராச் சுவர் தகரம் வரைக்கும் போகிறதா? நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லவும்.

ஐந்தாவது கேள்விக்குப் "போகவில்லை" என்று பதில் வந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பரா அக்காவையும் அண்ணனையும் கூப்பிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.